இலுப்பைக்கு அடியில் ஐந்து புத்தர்



1856-இல் நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். இயேசு சபைப் பாதிரிமார் வசம் இருந்த நிலம் அது. மரத்தைச் சாய்த்து வேரைத் தோண்டும்போது அடியில் ஐந்து புத்தர் படிமங்கள் அகப்பட்டன. அதிலிருந்து தொடங்கி அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் வெளியே வந்துவிட்டன. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அவற்றில் சிலவற்றையாவது பார்த்திருப்பீர்கள். எழுதியவர்கள் எல்லாரும் படிமங்களைப் பற்றி எழுதினார்கள். குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகு. ஆனால் நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். எனக்கு அந்த இலுப்பை மரத்தின் மேல்தான் கண். படிமங்களுக்கு உயரம், எடை, காலம் என்று பட்டியல் உண்டு. மரத்துக்கு ஒரே ஒரு வரி.

சோழநாட்டுப் பௌத்தப் பள்ளிகளில், அதாவது விகாரங்களில், என்ன மரம் போட்டார்கள் என்று பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ஒரு துண்டு மரம்கூட மிஞ்சலையே, எதை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டப் போகிறீர்?" என்றார். நியாயமான கேள்வி. மரம் மிஞ்சவில்லை. மரம் செருகியிருந்த பொந்து மிஞ்சியிருந்தது. அதை ஒருவர் பார்த்து எழுதியும் வைத்தார். அங்கிருந்து தொடங்குகிறேன்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டி ஒரு கோபுரம் 1867 வரை நின்றது. உள்ளூரில் புதுவெளிக் கோபுரம் என்பார்கள். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். 1846-இல் சர் வால்டர் எலியட் அதைப் போய்ப் பார்த்தார்; பிற்பாடு 1878-இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் விவரம் எழுதினார். நாற்கோணமான மூன்று நிலைக் கோபுரம். சாந்து இல்லாமல் நெருக்கிப் பொருத்திய செங்கல். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு வாசலோ சன்னலோ. மேலே மூடாமல் திறந்து கிடந்தது. இவற்றோடு இன்னொன்றும் சொல்கிறார்: கீழ்நிலையின் உச்சியில், இரண்டாம் நிலையின் தளம் பொருத்தியிருந்த தடங்கள் சுவரில் தெரிந்தன.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. செங்கல் வளைவு போட்டு எழுப்பிய தளமாக இருந்தால் சுவரோடு ஒட்டிய வளைவின் தோள் மிஞ்சும். தளம் முழுசாக மறைந்து, பொருத்திய தடம் மட்டும் நிற்கிறது என்றால் அங்கே இருந்தது மரம். சுவரில் உத்திரம், உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் பலகையோ செங்கல்லும் சுண்ணாம்புமோ. நம் ஊர் மச்சு வீட்டில் இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் தெரியும் அதே கட்டு. உத்திரங்கள் மக்கி விழுந்தபோது தளமும் சேர்ந்து விழுந்திருக்கும். எலியட் பார்த்தது நண்டு போன ஓடு மாதிரி ஒரு கூடு.

கோபுரம் யார் கட்டியது என்பதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி, ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூடாமணி விகாரத்தின் மிச்சம் என்கிறது. ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 வாக்கில், அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று நாம் சொல்வது அந்தக் கொடைப் பத்திரம்தான். இரண்டாவது கட்சி சீனர் வாங் தாயுவானின் குறிப்பைக் காட்டுகிறது. 1349-இல் முடிந்த அவர் நூலில், இந்தக் கரையில் செங்கல்லால் எழுப்பிய ஒரு கோபுரம் இருப்பதாகவும், அது 1267-இல் கட்டி முடிந்ததாகச் சீன எழுத்தில் பொறித்திருப்பதாகவும் வருகிறது. இரண்டில் எது என்று இன்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எதுவானாலும் உத்திரத்துக்கு மரம் வேண்டும். அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு டெல்டா ஆசாரியாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை, கல் பற்றி. திருச்சிக்குக் கிழக்கே வந்துவிட்டால் காவிரி வண்டலில் ஒரு கூழாங்கல் தேடினாலும் கிடைக்காது. பெரிய கோயிலுக்கே கல் மேற்கே இருந்துதான் வந்தது. ஆகவே இந்த நாட்டுக் கட்டடம் என்றால் ஆதியிலிருந்தே மண்ணும் மரமும்தான். விழுப்புரத்துப் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் ஒரு குகைக் கோயில் குடைந்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று பெருமையடித்துக் கல்வெட்டு வைத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஊரார் வாய்பிளக்கும் புதுமை. அப்படியென்றால் அதுவரை கோயில், பள்ளி, விகாரம் எல்லாவற்றுக்கும் அந்த நான்கும்தான் சரக்கு என்பதை மன்னனே ஒப்புக்கொள்கிறான் அல்லவா?

பூம்புகாரில் பல்லவனேச்சுரம் என்ற இடத்தில் தொல்லியல் துறையினர் 1960-களில் ஒரு பௌத்த விகாரத்தின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தார்கள். செங்கல் அறைகள் வரிசையாக, சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதம், ஒரு சின்னப் புத்தர் படிமம். அந்தப் பாதக்கல்லும் இந்த மண்ணில் கிடைப்பதில்லை, ஆந்திரப் பக்கத்துச் சரக்கு. கூரை இல்லை. ஆனால் அதே பூம்புகாரில், கீழையூரில், என் நண்பருக்குப் பதில் கிடந்தது. அங்கே வெளிவந்த செங்கல் படகுத்துறையை ஒட்டிச் சேற்றில் நட்ட மரக்கம்புகள் அப்படியே நின்றன. கரிமக் கணக்குப்படி கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மரம் எப்படி நின்றது? எப்போதும் தண்ணீருக்கடியில், காற்றுப்படாத சேற்றில் இருந்ததால் நின்றது. எப்போதும் காய்ந்திருக்கும் மரமும் நிற்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கிற மரம்தான் போகும். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் நனையாத சுவர் எது?

மரம் சாவதற்குத் தமிழில் மூன்று சொல் இருக்கிறது. ஈரத்தால் போனால் மக்கியது. கறையான் தின்றால் அரித்தது. உள்ளே வண்டு துளைத்து மாவாய்க் கொட்டினால் உளுத்தது. மூன்றும் வேறு வேறு நோய், மூன்றுக்கும் மருந்து வேறு. நாகப்பட்டினத்தில் நாலாவதாக உப்புக் காற்றும் உண்டு. அது மரத்தைவிட ஆணியைத்தான் முதலில் தின்னும். இரும்பு ஆணி துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். அதனால்தான் நல்ல வேலைக்காரர்கள் மர ஆணி போட்டுக் கழுந்து பொருத்தி வேலை செய்தார்கள்.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீடு திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் ஒரு சிற்றூரில். கொள்ளுத்தாத்தா கட்டியது. நான் பள்ளியில் படிக்கும்போது கூடத்து மச்சில் ஒரு மூலை தொய்ந்தது. அப்பா பக்கத்து ஊர்ப் பெரியாசாரியை வரச்சொன்னார். அவர் ஏணி வைத்து ஏறினார்; என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, காதை இப்படிக் கொண்டா" என்று உத்திரத்தில் என் காதை வைக்கச் சொல்லி, உளிப்பிடியால் தட்டினார். நடுவில் தட்டும்போது மணி அடித்தது மாதிரி இருந்தது. சுவர் ஓரமாக வரவர ஓசை மட்டமாகி, கடைசியில் பொத்தென்று ஆனது.

"நடுவுல உசுரு இருக்கு. சொவத்துக்குள்ள போயிருக்கிற ஒரு முழந்தான் போச்சு" என்றார்.

கீழே நின்ற அப்பா, "தேக்கு இப்படிப் போகுமா ஆசாரி?" என்றார்.

"தேக்கா? யாருங்க ஐயா சொன்னது? இது இலுப்பை. வெட்டுவாயைப் பாருங்க, செவசெவன்னு இருக்கு. இந்தப் பக்கத்துல எல்லார் வீட்டு உத்திரமும் பேச்சுல தேக்குதான்."

அப்பாவுக்கு அன்றைக்கு முகம் விழுந்துவிட்டது. மூன்று தலைமுறையாகத் தேக்கு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆசாரிக்கு அது புரிந்திருக்க வேண்டும். இறங்கி வந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "தேக்குல ரம்பம் வெண்ணெயா ஓடும் ஐயா. இலுப்பையை அறுத்தா ரம்பம் அழும். உங்க தாத்தா வாங்கினது பெரிய சரக்கு" என்றார்.

பௌத்தப் பள்ளி, பழைய கோயில் என்று பேச்சு எடுத்தாலே நம்மவர்கள் 'எல்லாம் தேக்கு' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆசாரி நினைவுக்கு வருவார். தேக்கு மேற்கு மலைச் சரக்கு. பர்மா தேக்குக் கப்பலில் வந்து செட்டிநாட்டையும் தஞ்சையையும் நிறைத்தது ஆங்கிலேயர் காலத்தில். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோழர் காலத்தைப் பார்க்கிறோம். தேக்குக்குப் பெருமை இல்லாமலில்லை. மேற்கே கார்லே குகையில், சைத்தியம் என்னும் வழிபாட்டு மண்டபத்தின் கூரையில் கல்லுக்கு அடியில் பொருத்திய தேக்கு வளைவுகள் இரண்டாயிரம் ஆண்டாக இன்றும் இருக்கின்றன. அவை எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. மலையைக் குடைந்த கூரைக்கு மரம் எதற்கு? சைத்தியம் என்றால் மர வளைவு இருக்க வேண்டும் என்று கண் பழகிப்போனதற்காக வைத்தது. சஹ்யாத்திரி மலையில் குடைந்த குகைக்குக் கைக்கெட்டும் மரம் தேக்கு. நாகப்பட்டினத்துக்குக் கைக்கெட்டும் மரம் எது என்பதுதான் கேள்வி.

ஆற்றங்கரை மருதம், தோப்பு இலுப்பை, வேலியோரப் பூவரசு, கடற்கரைப் புன்னை, திடலெங்கும் பனை, வீட்டுக்கு வீடு வேம்பு, பலா, மா, நாவல். இவற்றுள் புன்னை படகுக்குப் போகும். பூவரசு வண்டிக்கும் கலப்பைக்கும் போகும். மா உளுக்கும், நல்ல வேலைக்கு ஆகாது. நாவல் தண்ணீருக்குள் கெடாது, கிணற்றடிக்குப் போடுவார்கள். கூரை வேலைக்கு நான் முன்னால் நிறுத்துவது இரண்டு: பாரம் தாங்க இலுப்பை, கைமரத்துக்குப் பனை.

பனையைச் சிலர் மரமாகவே மதிப்பதில்லை. தொல்காப்பியர் சொன்னதைத் தப்பாகப் படித்ததால் வந்த வினை. புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் அவர் பிரித்தார். அந்தக் கணக்கில் பனையும் தெங்கும் மூங்கிலும் புல். இலக்கணம் படித்தவர்கள் இதைச் சொற்பாகுபாடாக எடுத்துக்கொள்வார்கள். ஆசாரி கையில் அது வேலைக் குறிப்பு. இலுப்பையில் வெளிவெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுவைக் கொள்ள வேண்டும். பனையில் நடுச் சோற்றைத் தள்ளிவிட்டு வெளிக்கறுப்பைக் கொள்ள வேண்டும். முற்றாத பனையைப் போட்டவன் கூரை பத்து வருஷம்கூட நிற்காது. முற்றிய பனையின் கறுப்பு நாரில் உளி வழுக்கிப் போகும்.

மரத்தை வெட்டினதும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். குளத்தில் தள்ளி மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் குளத்தில் எப்போதும் இரண்டு மூன்று கட்டை மிதக்கும். நாங்கள் அதன்மேல் ஏறி ஆட்டம் போட்டு, அடி வாங்கியிருக்கிறோம். மரத்திலுள்ள மாவும் இனிப்பும் தண்ணீரில் இறங்கிவிட்டால் வண்டுக்கு அங்கே சாப்பாடு இல்லை. தண்ணீர் நாறும், துணி துவைக்க முடியாது என்று பெண்கள் திட்டுவார்கள். அந்த நாற்றம்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். முனையைக் கருக்கி எண்ணெய் ஏற்றுவது அடுத்த வேலை. முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்லது என்பார்கள். சோழர் காலத்துக்கு அது செல்லாது. முந்திரியே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து விட்டது.

இலுப்பைக்கு இன்னொரு வசதி. அது நிற்கும்போதே கோயிலுக்கு வேலை செய்யும் மரம். கொட்டையிலிருந்து விளக்கெரிக்க எண்ணெய் வரும். ஆலை இல்லா ஊருக்கு அதன் பூ சர்க்கரை என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க்காகவே இலுப்பைத் தோப்புகளை வளர்த்தார்கள். வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே இலுப்பைப்பட்டு என்றே ஊர்ப்பெயர். அங்கே தலமரமும் அதுதான். இரவு முழுதும் விளக்கெரியும் ஒரு பள்ளிக்கு, எண்ணெயும் தந்து, காய்ப்பு ஓய்ந்த பிறகு உத்திரமும் தருகிற மரத்தைத் தோப்பாக வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். 1856-இல் வெட்டிய மரம் அப்படி ஒரு தோப்பின் கடைசி வாரிசு என்று நினைக்க எனக்கு ஆசை. ஆசைதான், சான்று என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

சிற்ப நூல்கள் என்ன சொல்கின்றன? மயமதம் தூணுக்கு ஆகும் மரங்களை வரிசையாகச் சொல்லும்போது கருங்காலியையும் சாலத்தையும் அடுத்து மதூகத்தைச் சொல்கிறது. மதூகம் என்பது இலுப்பை இனம்தான். அடிமுதல் நுனிவரை ஒரே பருமன் ஆண்மரம், அடி பருத்து நுனி சிறுத்தது பெண்மரம், அடி சிறுத்து நுனி பருத்தது அலிமரம் என்றும் வகுக்கிறது. இடி விழுந்தது, சுடுகாட்டில் நின்றது, பறவை கூடு கட்டியது ஆகாது என்கிறது. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் இடி விழுந்த மரத்தை ஒருமுறை அறுத்துப் பார்க்கட்டும். உள்ளே நெடுகப் பிளவு ஓடியிருக்கும். பொந்தில் கூடு இருக்கிற மரம் ஏற்கெனவே உள்ளே மக்கத் தொடங்கிய மரம். நட்டபோது அடி அடியாகவும் நுனி நுனியாகவும் நிற்க வேண்டும் என்ற விதியை எங்கள் பெரியாசாரியும் சொன்னார், ஜப்பானில் ஹோர்யுஜி கோயில் தச்சர்கள் மரபிலும் அதை ஒட்டிய பேச்சு உண்டு. மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கோயிலின் தென்பக்கம் போடு என்பார்கள் அவர்கள். அங்கே ஐந்துநிலைக் கோபுரத்தின் நடுத்தூண் கி.பி. 594-இல் வெட்டிய ஹினோக்கி மரம் என்று ஆண்டு வளையத்தை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்றும் நிற்கிறது. அது குளிர்நாடு, மலைநாடு. எங்கள் கறையானை அங்கே அனுப்பி வைத்தால் அப்போது பார்க்கலாம்.

ஒரு பௌத்தப் பள்ளிக்கு மரம் வெட்டுவதில் சைவ, வைணவக் கோயிலுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. பிக்கு மரத்தை வெட்டக்கூடாது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் அதற்குக் கதை உண்டு. ஆளவி ஊரில் பிக்குகள் கட்டட வேலைக்காக மரம் வெட்டினார்கள். அந்த மரத்தில் குடியிருந்த தேவதையின் குழந்தை மீது கோடரி பட்டது. தேவதை புத்தரிடம் போய் முறையிட்டது. அதன்பிறகு செடிகொடி மரங்களை அழிப்பது குற்றமாயிற்று. இன்னொரு கதை இதைவிடக் கெட்டிக்காரக் கதை. தனியன் என்ற பிக்கு, குயவர் மகன், ராஜகிருகத்தில் களிமண்ணால் ஒரு குடில் செய்து சுட்டே எடுத்தார். உயிர்கள் வெந்திருக்கும் என்று புத்தர் அதை இடிக்கச் சொன்னார். தனியன் அடுத்து மரத்துக்குப் போனார். பிம்பிசாரனின் மரக்கிடங்கில், நகரம் பழுதானால் செப்பனிட என்று ஒதுக்கி வைத்த மரத்தை, அரசர் எனக்குக் கொடுத்துவிட்டார் என்று காவலனிடம் சொல்லி எடுத்துப் போய்விட்டார். சங்கத்தை விட்டே வெளியேற்றும் திருட்டுக் குற்றத்தின் விதி அந்த மரத்துண்டுகளால்தான் பிறந்தது.

இதை நாம் ஏன் பேச வேண்டும் என்றால், இந்த விதிகளைச் செய்யுளில் சுருக்கித் தந்தவர் நம் ஊர்க்காரர். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த புத்ததத்தர், அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பட்டினத்து விகாரத்திலும், விநயவினிச்சயத்தைச் சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரத்திலும் இருந்து எழுதினார். அந்த விகாரங்களைக் கட்டியவர்கள் கண்ணதாசர், வெண்ணுதாசர் என்ற இல்லறத்தார். பெயரைக் கேட்டால் வைணவக் குடும்பம் மாதிரி இருக்கிறது, அது இன்னொரு நாள் பேச்சு. பிக்கு வெட்டக்கூடாது, ஆகவே வெட்டுவது, ஊறவைப்பது, அறுப்பது, மாற்றுவது எல்லாம் ஊர்க்காரர் கையில். செட்டியும் வேளாளனும் ஆசாரியும் பக்கத்தில் இல்லாமல் ஒரு விகாரத்துக்கு உத்திரம் கிடையாது.

இப்போது பொந்துக்குத் திரும்புகிறேன். எங்கள் வீட்டு இலுப்பை மூன்று தலைமுறை தாங்கி, நாலாவதில் முனை போனது. அதுவும் ஓடு சரியாகப் போட்டு, வருஷாவருஷம் பார்த்துக்கொண்ட வீடு. கடற்கரைக் கோபுரத்தில் அதைவிட நீண்ட ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த நாளிலிருந்து எலியட் போய் நின்ற நாள்வரை சுமார் 840 ஆண்டு. நூறு ஆண்டுக்கு ஒருமுறையாவது உத்திரம் மாற்றியிருந்தால்தான் தளம் நின்றிருக்கும். ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது சாகாத மரம் என்று பார்ப்பதைவிட, எது செத்தால் மறுபடி கிடைக்கும் மரம் என்று பார்ப்பதுதான் முக்கியம். கடல்கடந்து வந்த அருமையான மரத்தைப் போட்டுவிட்டால் அது போகும்போது இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இதுதான் நான் இலுப்பைக்கும் பனைக்கும் வக்கீலாக நிற்பதற்குக் காரணம்.

முதல் கட்சி சொல்கிறபடி கட்டியவர் ஸ்ரீவிஜய அரசர், கடாரத்துக்கும் அவர்தான் அரசர் ஆயிற்றே, அவர் நாட்டு மரம் வந்திருக்காதா என்று கேட்பீர்கள். மலாய் நாட்டில் செங்ஙால், மெர்பாவு என்று இரும்பு மாதிரி மரங்கள் உண்டு. ஆனால் அவர் நாட்டிலேயே கதை இதுதான். கடாரம் என்று நாம் சொல்லும் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பஹாட் என்ற பழைய கோயிலின் அடித்தளத்தை 1960 வாக்கில் சீரமைத்து நிறுத்தியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல்லில் தூண்பாதங்கள். தூண் ஒன்றும் இல்லை. எல்லாம் மரத்தூண், எல்லாம் போய்விட்டன. இலங்கையில் அநுராதபுரத்து லோகப்பிராசாதத்தைப் பாருங்கள். ஒன்பது நிலை மாளிகை என்கிறது மகாவம்சம். ஒரு விளக்கிலிருந்து தீப்பிடித்து எரிந்து, மன்னன் சத்தாதிஸ்ஸன் ஏழு நிலையாகத் திரும்பக் கட்டினான். இன்று 1,600 கல்தூண் காடு மட்டும். நாகப்பட்டினத்தில் கல்தூண்கூட இல்லை, செங்கல்லில் தடம்.

உத்திரம் மாற்றக் காசு எங்கிருந்து வந்தது? ஆனைமங்கலத்திலிருந்து. சுமார் 97 வேலி நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். அந்நாளைய கொடைச் செப்பேடுகளில், மேலே வளர்ந்த மரமும் கீழே தோண்டிய கிணறும் கொடை பெற்றவருக்கே என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். கிணற்றை எல்லாரும் கவனிப்பார்கள். மரத்தை ஏன் தனியாகச் சொன்னார்கள்? நிழலுக்கு மட்டுமா? நிலத்தோடு தோப்பும் பள்ளிக்கு வந்துவிட்டால் எண்ணெய்க்கும் உத்திரத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை. 1090-இல் குலோத்துங்கன் கொடுத்த சின்னச் செப்பேட்டில் ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்று பெயர்கள் இருக்கின்றன. அதுவரை பள்ளிகள் நன்றாகவே நடந்தன. நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களில் பதினாறாம் நூற்றாண்டு வரை வந்தவை உண்டு. அதற்குப் பிறகு நெல் அளப்பவர் இல்லை, கட்டை ஊறப்போடுபவர் இல்லை. மேல்தளம் விழுந்திருக்கும். பிறகு கீழ்த்தளம். மழைக்குத் திறந்த கோபுரத்துக்குள் ஆலும் அரசும் முளைத்திருக்கும்.

1867-இல் கோபுரத்தை இடிக்க அரசு அனுமதித்தது. பாதிரிமார் தங்கள் கல்லூரிக் கட்டடத்துக்குச் செங்கல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லூரி பிறகு 1883-இல் திருச்சிக்குப் போய்விட்டது.

இந்த மரவேலை முழுக்க அழிந்துபோன வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். திருவாரூருக்குப் போங்கள். ஆழித்தேர் 1926-இல் எரிந்தது. 1930-இல் புதுத்தேர் ஓடியது. இந்தப் பக்கத்தில் ஒரு தேருக்குப் புதுச் சட்டம் போடும்போது பக்கத்தில் போய் நின்று, என்ன மரம் என்று கேளுங்கள். தேக்கு, வேங்கை, இலுப்பை என்பார்கள். எந்த உறுப்புக்கு எது என்று கேட்டால்தான் பேச்சு சுவாரசியமாகும். நாள்முழுக்கப் பேசுவார்கள், நமக்குத்தான் கேட்க நேரமிருக்காது. கல்கோயிலிலேயே பார்க்க வேண்டுமானால், குடந்தை நாகேசுவரன் கோயிலிலோ புள்ளமங்கையிலோ கொடுங்கையில் வரும் கூட்டைப் பாருங்கள். கார்லே சைத்தியத்தின் முகப்பு வளைவு சின்னதாகி அங்கே உட்கார்ந்திருக்கும். அடித்தளத்து யாளிவரியைக் கட்டடக்கலை ஆய்வாளர்கள் தளத்து உத்திரங்களின் முனை என்கிறார்கள். சுவரைத் தாண்டி வெளியே நீண்ட மரமுனையில் முகம் செதுக்கினார்கள். மரம் போய்க் கல் வந்த பிறகும் முகம் போகவில்லை.

கடைசியாக எங்கள் வீட்டு உத்திரம். பெரியாசாரி அதை வெளியே எடுக்கவில்லை. மக்கிய ஒரு முழத்தை அறுத்துவிட்டு, சுவரை ஒட்டி ஒரு தூண் நிறுத்தி, போதிகை வைத்து, மிஞ்சின உத்திரத்தை அதன்மேல் உட்காரவைத்தார். அறுத்த துண்டை அப்பா அடுப்புக்குப் போடச் சொன்னார். பாட்டி விடவில்லை. வெளிப்பக்கம் மக்கியிருந்தாலும் உள்ளே கையகலத்துக்குச் சிவப்பாக வயிரம் இருந்தது. அதைச் செதுக்கி ஒரு தட்டுப்பலகை ஆக்கித் தரச் சொன்னாள். இப்போது என் வீட்டில் அதன்மேல்தான் குத்துவிளக்கு வைத்திருக்கிறோம். நேற்று இந்தப் பேச்சுக்காக எடுத்துத் துடைத்தபோது விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை.